கயிறு யார் கையில்?



ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கொரிய, ஜப்பானியக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் வாசகர்களின் கடிதங்களில் ஒரு வரி அடிக்கடி தட்டுப்படும்: "அவங்க ஊர் வழக்கம் வேற சார், நமக்குச் சரிப்பட்டு வராது." அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்தான் ஞாபகத்துக்கு வரும்.

அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை 1982-ல் மூடப்பட்டது. சொல்லாமல் லீவு, ஓயாத தகராறு, வேலை நேரத்தில் குடி என்று அதற்குள் அதன் பெயர் நாறிப்போயிருந்தது. 1984-ல் டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தில் 'நும்மி' என்ற தொழிற்சாலையைத் தொடங்கியது. எடுத்ததோ பெரும்பாலும் அதே பழைய ஆட்களை. சங்கமும் அதே சங்கம்! அவர்களில் பலரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் லைனிலேயே நிற்கவைத்துப் பழக்கினார்கள்.

பழைய நாட்களில் எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது. கோளாறோடு வண்டி நகர்ந்தாலும் பரவாயில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நும்மியில் லைன் ஓரமாக ஒரு கயிறு தொங்கியது. போல்ட் சரியாக ஏறவில்லையா, இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், திட்டுவதற்கு அல்ல, கைகொடுக்க. அவர் வந்தும் தீராவிட்டால் லைன் நிற்கும். அதிகாரிகளுக்கென்று தனி கேன்டீனும் கிடையாது. கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்கள், டொயோட்டா ஜப்பானில் செய்த கார்களோடு தரத்தில் போட்டி போட்டன. ஆள் வராமல் போவதும் வெகுவாகக் குறைந்தது.

கலாச்சார வித்தியாசம் பொய் என்று சொல்லவரவில்லை. ஜப்பானியர் பேசாமல் இருந்தால் சம்மதமா மறுப்பா என்று புரியாமல் விழித்தவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் நாம் ஒதுக்கிவைப்பதில் பாதி, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை எவ்வளவு நம்புகிறார் என்ற விவகாரம் என்பது என் கட்சி. நும்மியில் பார்த்ததை ஜெனரல் மோட்டார்ஸ் அதே கலிஃபோர்னியாவில், வான் நைஸ் தொழிற்சாலையில் செய்து பார்த்தது. சங்கத்துக்குள் பிளவு, தங்கள் அதிகாரம் போய்விடுமோ என்று சூப்பர்வைசர்களுக்குப் பயம். எடுபடவில்லை, 1992-ல் அதுவும் மூடப்பட்டது. அங்கே நிர்வாகம், தொழிலாளர் என்று இரண்டு பக்கமும் அமெரிக்கர்கள்தான்.

உங்கள் லைனில் தப்பு கண்ணில் பட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? காகிதத்தில் இருப்பதை அல்ல, நடப்பதை எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். உங்கள் பெயரையும் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்