சில்லறைக்குள் லட்சங்கள் இல்லை

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு வைத்திருப்பவருக்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்ற செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றுகிறது. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் திருச்செங்கோட்டிலும் அதைப் படித்துவிட்டு வீட்டு உண்டியலைக் கவிழ்த்துப் பார்க்காதவர்கள் குறைவு. பழைய காசுக்கு விலை உண்டு, ஆகவே நம் சட்டைப்பையில் கிடக்கும் பழைய காசுக்கும் விலை இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. முதல் பாதி சரி. அதிலிருந்து இரண்டாவது பாதி வராது. அந்த வைஷ்ணவி தேவி காசு 2012இல், கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக, மக்கள் கையில் புழங்கட்டும் என்றே பெருமளவில் அச்சிடப்பட்டது. இன்றும் அது ஐந்து ரூபாய்க்குச் செல்லும் காசு. கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்கான பொருள் வரும், அவ்வளவுதான்.

வயதுதான் விலை என்ற எண்ணத்தை முதலில் பார்ப்போம். ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் ஆயிரம் ஆண்டு பழமையானவை. ஆனால் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சேகரிப்பாளர்களிடையே தேய்ந்த காசு சில நூறு ரூபாய்க்கே கைமாறுகிறது. நூறு ஆண்டுகூட ஆகாத, 1939 என்று ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கோ லட்சங்களில் விலை போகிறது, ஏனென்றால் அதில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. ஆக, எத்தனை எஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறாரா என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன. சில்லறையில் வரும் காசு இந்த மூன்றிலுமே தோற்கிறது. 2022இல் சேலத்து இளைஞர் ஒருவர் சுமார் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ஒரு ரூபாய்க் காசுகளைக் கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கிய செய்தி நினைவிருக்கலாம். கோயில்களிலும் உணவகங்களிலும் டீக்கடைகளிலும் நோட்டை மாற்றிச் சேர்த்த காசுகள் அவை. ஒரு காசுக்கு நான்கு கிராம் என்றாலும் ஒரு டன்னுக்கு மேல் வரும். அத்தனை பெரிய குவியலும் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாயாகத்தான் எண்ணி வாங்கப்பட்டது. நம் ஊர்ச் சில்லறை எதனால் ஆனது என்பதற்கு இதைவிடப் பெரிய மாதிரி கிடைப்பது அரிது.

அப்படியானால் 1939 ரூபாய் போன்ற ஒன்று நமக்கும் மீதிச் சில்லறையாக வந்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். வராது. அந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்த அரசு, பழைய வெள்ளி ரூபாய்களை 1940களின் தொடக்கத்திலேயே புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றது. தப்பியவை பெட்டிக்குள் போயின, அல்லது கொலுசாக உருகின. அணா, பைசாக் காசுகளின் கதையும் இப்படித்தான் முடிந்தது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டன. செல்லாத காசை யாரும் மீதியாகத் தருவதில்லை. அவை பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கலாம், பேருந்து நடத்துநரின் பையில் இருக்காது. சுருக்குப்பையில் அகப்படும் காசுக்கும் ஒரு கேடு உண்டு: புளி போட்டோ திருநீறு வைத்தோ தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறோம். சேகரிப்பாளர் தேடுவது அச்சிட்டபோது இருந்த மேற்பரப்பை. தேய்த்த காசில் நுண்ணிய கீறல்கள் எல்லாப் பக்கமும் ஓடுவது உருப்பெருக்கியில் தெரிந்துவிடும், இருந்த விலையும் அத்தோடு இறங்கும்.

மண்ணிலிருந்து கிடைக்கிறதே, அது பொய்யா என்பது எங்கள் சேலம், நாமக்கல் பகுதிக்கே உரிய மறுப்பு. பொய்யல்ல. காவிரிக்கு அந்தப் பக்கம் கரூரில், அமராவதி ஆற்றுப் படுகையில், ரோமானியக் காசுகளும் ‘மாக்கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கொல்லி என்றதும் நாமக்கல்காரருக்குத் தம் கொல்லிமலை கண்ணில் படும். ஆனால் இவை யாருடைய சில்லறையும் அல்ல. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். இணையத்தில் விலை பேசுவதற்கு அங்கே இடமில்லை.

இணையத்தில் பத்து லட்சம் என்று போட்டிருக்கிறதே என்பவர்களுக்கு: அது விற்பவர் கேட்கும் தொகை, யாரும் கொடுத்த தொகை அல்ல. எவரும் எதற்கும் எந்த விலையையும் எழுதி வைக்கலாம். வாங்கியவர் பணம் கட்டிய ஏலப் பதிவைக் காட்டச் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆசைப்பட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று இதை விட்டுவிடவும் முடியாது. படத்தை அனுப்பியதும் மறுமுனையில் ஒருவர் காசுக்கு விலை சொல்லுவார், பிறகு பதிவுக் கட்டணம், அதற்குப் பிறகு வரி, அதற்கும் பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிக்குக் கமிஷன் என்று கேட்பார். தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படிப் பணம் பறிக்கிறார்கள், இந்த வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. வாங்க வருபவர் விற்பவரிடமே பணம் கேட்டால் அது வியாபாரமே அல்ல. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைப்பது நல்லது.

இதையெல்லாம் சொல்வது சில்லறையைப் பார்க்காதே என்பதற்காக அல்ல. ஆண்டு எண்ணின் கீழே புள்ளி இருந்தால் அந்தக் காசு நொய்டாவில் அச்சானது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சாய்சதுரம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1980, 90களில் வெளிநாட்டு நாணயச் சாலைகளில் அச்சிட்டு வரவழைத்த காசுகளும் உண்டு. எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1995இல் வந்த திருவள்ளுவர் காசு, காமராசர் நூற்றாண்டுக் காசு, 2009இன் அண்ணா நூற்றாண்டுக் காசு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் ஆகியவை இன்னும் எப்போதாவது கைக்கு வரக்கூடும். எடுத்து வைத்துக்கொள்ளலாம், பள்ளிப் பிள்ளையிடம் காட்டி யார், எந்த ஆண்டு என்று சொல்லலாம். நன்றாக இருந்தால் ஒரு சேகரிப்பாளர் முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்.