புதுக் கம்பெனி வருகிறது. பழைய பாக்கி யார் தலையில்?

நாகூர் பக்கத்துப் பனங்குடியில் 1993-ல் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. நரிமணத்தில் நம் வயல்களுக்கு அடியில் கிடைத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க வைத்த ஆலை. முதலில் ஆண்டுக்கு 5 லட்சம் டன், 2002-ல் 10 லட்சம் டன். சர்க்கார் கம்பெனியான சென்னை பெட்ரோலியம்தான் அதை நடத்திற்று. அந்தப் பழைய ஆலைக்குப் பதில் 90 லட்சம் டன் ஆலை என்று 2021 பிப்ரவரியில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

ஆலையே வேண்டாம் என்று தொழிலாளி சொல்வதில்லை. ஆனால் கட்டப்போவது சென்னை பெட்ரோலியம் இல்லை. சுத்திகரிப்புத் தொழிலை மட்டும் தனியே பிரித்து, 'காவேரி பேசின்' என்ற பெயரில் வேறு கம்பெனி. 2022-ல் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கில் இந்தியன் ஆயிலுக்கு 25 சதவீதம், சென்னை பெட்ரோலியத்துக்கு 25. மீதிப் பாதி வங்கிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும். அதென்ன சரியாகப் பாதி? சர்க்கார் பங்கு 51-ஐ எட்டாவிட்டால் அது சட்டப்படி சர்க்கார் கம்பெனி ஆகாது. தலைமைத் தணிக்கையாளர் கணக்குக் கேட்க வரமாட்டார். வேலையில் இட ஒதுக்கீடும் கட்டாயமில்லை. பின்னால் இந்தியன் ஆயிலுக்கு 75 என்று திட்டத்தை மாற்றினார்கள். மாற்றியது சரி. ஆனால் நிலம் கொடுத்த ஊரைக் கேட்டா முதல் கணக்குப் போட்டார்கள்?

தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு இந்த வித்தை புதிதல்ல. 1952-ல் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? அதே வயல், அதே நடவு, அதே ஆள். கணக்கில் மட்டும் "பண்ணையாள்" போய் "தினக் கூலி" ஆனான். பெயர் மாறியது, உரிமை போயிற்று.

ஆலைக்குள் இருக்கிற நிரந்தரத் தொழிலாளிக்காவது ஒரு பிடி உண்டு. தொழில் கைமாறினால் பழைய சர்வீஸ் அறாமல், பழைய ஷரத்துகளோடு புதிய முதலாளி ஏற்கவேண்டும். இல்லாவிட்டால் நஷ்ட ஈடு தரவேண்டும். 1957 முதல் இது சட்டம். மில் தொழிலாளர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் காண்டிராக்ட் தொழிலாளிக்கு? விரிவாக்கத்துக்கு எடுக்கும் பனங்குடி, கோபுராஜபுரம் வயல்களில் சம்பா நட்டுக் களை பறித்த பெண்ணுக்கு? பட்டா உள்ளவருக்கு ஏக்கருக்கு விலை. அவளுக்கு ஏது பட்டா?

அவளுக்கும் சட்டம் இருக்கிறது என்பதைத்தான் பலர் சொல்வதில்லை. 2013-ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலம் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் மூன்று ஆண்டு கூலிவேலையோ குத்தகையோ செய்து பிழைத்த குடும்பம் பாதிக்கப்பட்ட குடும்பமே. ஒரு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை. இதற்கு மேல் 50,000 ரூபாய். மறுவாழ்வுத் தொகை கேட்டு அந்தக் கிராமங்கள் போராடியது இதற்காகத்தான்.

பழைய கம்பெனியைக் கேட்டால் புதிய கம்பெனி என்பார்கள். அதைக் கேட்டால் கலெக்டர் ஆபீஸ் என்பார்கள். ஆகவே கூலிக் குடும்பங்களின் பட்டியலை ஊர்க் கூட்டத்தில், சங்கத்தையும் வைத்துக்கொண்டு, பெயர் பெயராக எழுதவேண்டும். புதிய கம்பெனியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்க்கவேண்டும். நடவாட்களின் பெயர் அதில் முதலில் வரட்டும்.