தரகரும் கிராமத்து வீடும்

பட்டணவாசத்தில் சலித்துக் கிராமத்தில் வீடு தேடிப் புறப்படுவோர் முதலில் நாடுவது ஒரு தரகரையே. வீதி தெரியாத ஊரில் தரகர் உதவி வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் யாருடைய மனிதர்? வாங்குவோரிடமும் விற்போரிடமும் தரகு பெறுகிறவர் கிரயம் முடிவதையே விரும்புவார்; வில்லங்கம் வெளிப்படுவதை விரும்புவாரா?

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9-வது பிரிவு, தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று விதிக்கிறது. நல்லதே. ஆயினும் அவ்விதி, பதிவான திட்டங்களிலுள்ள மனை, கட்டிடங்களின் விற்பனைக்கே உரியது. நத்தத்தில் நிற்கும் பழைய ஓட்டுவீட்டைக் காட்டும் தரகரை அது தொடுவதில்லை. அடுக்குமாடி வாங்குவோருக்குள்ள காவல் ஓட்டுவீடு வாங்குவோருக்கு இல்லை. இது என்ன நியாயம்?

வில்லங்கச் சான்று ஒன்றே போதுமென்று தரகர் சொல்லக்கூடும். போதாது. அது பதிவான பத்திரங்களையே காட்டும். பாகம் பிரியாத வாரிசுகளின் பாத்தியதையைக் காட்டாது. மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றை ஒத்துப் பார்த்து, கிராம நிர்வாக அலுவலரையும் அண்டை வீட்டாரையும் நேரில் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

சர்க்கார் அவ்விதியைக் கிராமத் தரகருக்கும் விஸ்தரிக்க வேண்டும். அதுவரை, பத்திரம் படித்துச் சொல்லும் தொண்டைத் தேச ஊழியர்கள் ஊர்தோறும் ஏற்பார்களாக. கிராமத்துக்குத் திரும்புங்கள் என்று மேடையில் முழங்குதல் எளிது. திரும்புகிறவன் ஏமாறாமல் காப்பதே ஊழியம்.