ஊர்ப் புள்ளைங்க சேரிப் பள்ளிக்கூடம் வரட்டும்

மாநிலங்களின் எல்லையைப் பிரிக்க 1953-இல் ஃபசல் அலி தலைமையில் ஆணையம் போட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மனுக்கள் வாங்கினார்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். சரி. கர்நாடக எல்லையோரம் ஓசூர் பக்கத்துச் சேரியில் பிறந்த புள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போகணும் என்கிற எல்லையை யார் போட்டது? யாரைக் கேட்டுப் போட்டது? அதுக்கு ஆணையமும் கிடையாது, மனுவும் கிடையாது. எங்க அம்மாக்களை ஒருத்தரும் கேட்டதில்லை.

சட்டத்தில் எல்லை என்பது தூரம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழக அரசு 2011-இல் விதி போட்டது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரைக்கும் மூன்று கிலோமீட்டர். ஆபீசில் உட்கார்ந்து அளந்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு நடுவில் லாரி பறக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கிடக்கிறதா? தளி, அஞ்செட்டிக் காட்டு வழியில் யானை நிற்கிறதா? போகிற வழியில் பாதை ஆபத்தாக இருந்தால் தூரத்தைக் குறைத்துப் பள்ளி வை என்று 2010 மத்திய மாதிரி விதிகளே சொல்கின்றன. ஆபத்து எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டுகிற பொம்பளைக்குத் தெரியும்.

வரைபடத்தில் வராத ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அதுக்குப் பேர் ஊர்த்தெரு. அந்தத் தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் என்றால், எங்க புள்ளைக்கு அந்த ஒரு கிலோமீட்டர் எத்தனை கிலோமீட்டர்? இதை அளக்க எந்தச் சங்கிலியும் கிடையாது. நடந்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

சேரிக்குத் தனிப் பள்ளி எப்படி வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சாதி இந்துக்கள் தங்கள் பள்ளிக்குள் எங்களைச் சேர்க்க மறுத்தார்கள். கோயிலிலும் சாவடியிலும் அக்கிரகாரத்திலும் பள்ளிக்கூடம் நடந்தால் தீண்டப்படாதவன் எப்படி உள்ளே போவான்? அதனால் சென்னை மாகாணத்தில் 1920-களில் தொழிலாளர் துறை எங்களுக்கென்று தனிப் பள்ளிகளை நடத்தியது. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆக, முதல் எல்லையைப் போட்டது அரசாங்கம் அல்ல. ஊர் போட்டது. அரசாங்கம் அதன்மேல் கட்டடம் கட்டியது.

2023 மார்ச்சில் நிதிநிலை அறிக்கை வாசித்தபோது, இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின்கீழ் கொண்டுவருவோம் என்று அறிவித்தார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் அதையே பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சொன்னார்கள். பேரை அழிப்பது நல்லதுதான். தனிப் பள்ளி காலாகாலத்துக்கும் இருக்கணும் என்று நாங்களும் சொல்லவில்லை. ஒரே பள்ளிதான் எங்களுக்கும் வேணும். ஆனால் இரண்டை ஒன்றாக்கும்போது எதை மூடுவது? எப்பவும் சேரிப் பள்ளியைத்தானா? அந்த நிலம் யாருக்குப் போகும்? அந்த வாத்தியார் பணியிடங்கள் என்ன ஆகும்?

‘எண்ணிக்கை குறைவு’ என்று காரணம் சொல்வார்கள். 2019-இல் புள்ளைங்க சேரவில்லை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகம் ஆக்கினார்கள். சேரிப் பள்ளியில் எண்ணிக்கை ஏன் குறைகிறது? ஊர்ப் புள்ளை அங்கே வராது. காசிருக்கிறவன் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவான். சாதி வெறியால் குறைந்த எண்ணிக்கையை எங்கள் தலையில் குற்றமாகச் சுமத்தினால் அது என்ன நியாயம்?

உலகத்தில் வேறு இடத்திலும் இதுதான் நடந்தது. அமெரிக்காவில் கறுப்பினப் புள்ளைங்களைத் தனியாகப் படிக்கவைப்பது செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வந்தது. இருபது வருசம் கழித்து டெட்ராய்ட் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம், நகரத்துக் கறுப்பினப் புள்ளைங்களையும் புறநகர் வெள்ளைப் புள்ளைங்களையும் சேர்த்துப் படிக்கவைக்கப் பள்ளி மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. நிறவெறி சட்டத்தில் தோற்று, எல்லைக்கோட்டில் ஜெயித்தது. இங்கே சாதியும் அப்படித்தான் ஜெயிக்கப் பார்க்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாசாரப் பங்கு என்று சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது ஒரு பள்ளியின் நாலு சுவருக்குள்தான். பள்ளி எங்கே நிற்கணும், எந்தக் குடியிருப்பு எந்தப் பள்ளியோடு சேரணும் என்பதில் அதுக்கு வாயில்லை. கிராம சபையில் பேசு என்றால், சபை ஊருக்குள் கூடும்போது சேரிப் பொம்பளை எழுந்து ஊருக்கு எதிராகப் பேச முடியுமா?

இனி கோடு மாறத்தான் போகிறது. 1970-களில் சிப்காட் வந்தது, 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. சூளகிரி, பர்கூர் வரைக்கும் தொழிற்பேட்டை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் வாடகை லைன் வீடுகளில் புள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற அருந்ததியர் புள்ளைங்க இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் கேட்காமல் போடுகிற கோடு பிளாட் போடுகிறவனுக்குத்தான் வசதியாக இருக்கும்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒரு பள்ளியை மூடினாலும் சேர்த்தாலும் முதல் கூட்டம் சேரியில் நடக்கணும். ஷிப்ட் முடிந்து சனங்க வந்தபிறகு நடக்கணும். எந்தக் குடியிருப்புக்கு எந்தப் பள்ளி என்று பகிரங்கமாக அறிவிக்க விதி இருக்கிறது. அந்தப் பட்டியலைச் சேரிச் சுவரில் ஒட்டு. தமிழில் மட்டும் போதாது, தெலுங்கு, கன்னடம், உருதுவிலும் ஒட்டு. அம்மாக்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பூட்டும் தொங்கக் கூடாது. இரண்டு பள்ளியை ஒன்றாக்கினால், அந்த ஒன்று சேரியில் நிற்கட்டும்.

‘ஊர்ப் புள்ளைங்க அவ்வளவு தூரம் எப்படி வரும்?’ என்று கேட்பார்கள். எங்க புள்ளைங்க இத்தனை காலம் நடந்துவந்த அதே தூரம்தான். ஊரிலிருந்து சேரிக்கு அளந்தாலும், சேரியிலிருந்து ஊருக்கு அளந்தாலும் கிலோமீட்டர் மாறாது. ஒருநாள் அவர்கள் நடந்து பார்க்கட்டும்.