கேட்காமல் விட்ட கேள்விகள்



கண்டிக்கு அருகே நாங்கள் நடத்தும் தையல் வகுப்பில், ஒரு மேசை லாச்சிக்குள் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். அதை வைத்திருப்பவர் ஓர் அக்கா. அவருடைய பெற்றோர் 1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனவர்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் அவர் பிள்ளைகளுடன் மலையகத்துக்குத் திரும்பி வந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியாது.

"கொலைக் கதையெல்லாம் வாசிக்கிறீங்களே அக்கா, பயமா இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இதுல கடைசிப் பக்கத்துல எல்லாம் முடிஞ்சிரும் மிஸ்" என்றார்.

என் அம்மாவும் இப்படியான கதைகளை விரும்பி வாசிப்பவர். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே மர்மத்தை அவிழ்ப்பார். அதன் பின் ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜெயந்தி என்று பலர் வந்தார்கள். இத்தகைய கதைகளில் ஒருவர் வேறு பெயரில், வேலைக்காரராகவோ சாரதியாகவோ ஒரு வீட்டுக்குள் நுழைவார். அவர் யார், முன்பு என்ன செய்தார் என்று அறியவே நாம் பக்கங்களைப் புரட்டுகிறோம். முடிவில் உண்மை வெளிவந்தே ஆக வேண்டும்.

கதைக்கு அது சரி. ஆனால் அதே ஆவலை நாம் உயிருள்ள மனிதர்மீதும் காட்டுகிறோம். நானும் காட்டினேன். ஒரு பயிற்சிக்குப் பெயர் பதியும்போது அந்த அக்காவிடம் கணவர் எங்கே, கடைசி யுத்தத்தின்போது எங்கே இருந்தீர்கள், முகாமில் எவ்வளவு காலம் என்று அடுக்கிக் கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்விகள் இல்லை. அவர் பதில் சொல்லாமல் தைத்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை.

நான் சமூகவியல் படித்தவள். நேர்காணல் பற்றிப் பரீட்சையும் எழுதியவள். ஆனால் அன்று நான் செய்தது துப்பறிதல்தான். சோதனைச் சாவடிகளையும் தலையாட்டிகளையும் கண்டு வந்த பெண்ணுக்கு, ஒரு கேள்வி வெறும் கேள்வியாக இருப்பதில்லை.

கதையில் வரும் உளவுத்துறையினர் உண்மையிலேயே இருந்த இடம் எங்கள் கண்டி. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பும் கண்டியில் இயங்கியது. பின்னாளில் சமையற்கலையில் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அப்போது அங்கே பணியாற்றினார். அவர் துப்பாக்கியுடன் மதில் ஏறியவரல்ல. இரகசியக் கடதாசிகளைப் பதிந்து, அவை உரியவரிடம் மட்டும் போவதைக் கவனித்தவர்.

அதே 1944 செப்டெம்பரில் ஜேர்மனியின் டக்காவ் முகாமில் நூர் இனாயத் கான் கொல்லப்பட்டார். திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்த இவர், 1943 ஜூனில் பிரித்தானியாவுக்காக இரகசிய வானொலிப் பணிக்குப் பிரான்ஸ் சென்றவர். பிடிபட்ட பின் விசாரணையில் இரகசியங்களைச் சொல்ல மறுத்தார். 1949இல் அவருக்குப் பிரித்தானியாவின் ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவருடைய மௌனத்தை உலகம் வீரம் என்றது. எம் அயலில் உள்ள பெண் மௌனமாக இருந்தால் மட்டும், ஏதோ மறைக்கிறாள் என்கிறோம்.

சகோதரிகளே, வீட்டுச் சொந்தக்காரரோ அயலவரோ கேட்டால் உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை" என்பது பொய்யுமல்ல, குற்றமுமல்ல. ஆனால் உடலில் பழைய காயமோ குண்டுச் சிதறலோ இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். காணாமற்போனவரைத் தேடும் விண்ணப்பங்களில் தெரிந்ததைச் சரியாக எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அவர்களின் வயதுக்கு ஏற்றபடி நீங்களே சொல்லுங்கள். பிறர் வாயால் அறிவதைவிட அது நல்லது. மனச்சுமை தாங்க முடியாதபோது நம்பிக்கையான ஒருவரிடமாவது கதையுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, முறைப்பாட்டுப் பிரதிகள் யாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, யாருக்கு எதைக் காட்டுவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

என்னைப் போல வெளிக்களத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உதவிக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லுங்கள்.

அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தேத்தண்ணி குடிங்க மிஸ்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தார். இப்போது நாங்கள் நாவல்களை மாற்றி வாசிக்கிறோம். சில நாட்களில் வன்னியைப் பற்றி அவராகவே கொஞ்சம் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.