கைக்கணக்கு மருந்தும் கண்கணக்கு குறியும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நாட்டுத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, குச்சியால் கெட்டித்துச் சுடும் அந்தத் துப்பாக்கி ஒரு வெப்ப எந்திரம்தான். பிஸ்டனுக்குப் பதில் குண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் அளவு பிசகினால் வண்டி இழுக்காது. இதில் பிசகினால் ஒரு உயிர் மூன்று நாள் துடித்துச் சாகும், அல்லது சுட்டவன் விரல் போகும்.

நம் ஊர்ப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும்.

முதல் கட்சி: "வேட்டையா? சீச்சீ, அதைப் பற்றியே பேசாதே." இரண்டாவது கட்சி: "எங்க தாத்தா உள்ளங்கையில மருந்து கொட்டி கெட்டிச்சு சுட்டா ஒத்தக் குண்டுல பன்னி சாயும். நீ என்னடா கணக்கு சொல்ல வந்துட்ட?"

என் சண்டை இரண்டு கட்சியோடும்தான். முதல் கட்சி கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. இரண்டாவது கட்சி கேள்வி இருப்பதையே ஒத்துக்கொள்வதில்லை. கேள்வி இதுதான்: விசையை அழுத்திய பிறகு அந்தக் குண்டு எங்கே போகிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குக் கொடுத்திருக்கிறது. கேரளாவில் 2022லிருந்து காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவெடுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

இப்போது 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தைப் புரட்டுங்கள். 13ஆம் பிரிவு. பயிரைக் காக்க உண்மையிலேயே துப்பாக்கி தேவைப்படும் குடிமகனுக்கு எதற்கு உரிமம் தர வேண்டும் என்று சொல்கிறது தெரியுமா? வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு! அது போதாது என்று அதிகாரி திருப்தி அடைந்தால் மட்டுமே வேறு துப்பாக்கி, அதுவும் உட்புறம் வழவழப்பான குழல் உள்ளதுதான்.

அதாவது, இருப்பதிலேயே குறி சரியில்லாத கருவியை, பழகிப் பார்க்கவே வாய்ப்பில்லாத ஏழை விவசாயி கையில் கொடுத்து, "போ, பன்றியை விரட்டு" என்கிறது சட்டம். குழல் எத்தனை அங்குலம் என்று சட்டம் கேட்கிறது. காடு எத்தனை கிலோமீட்டர் என்று அரசாணை கேட்கிறது. சுடுபவனால் முப்பது மீட்டரில் ஒரு தட்டை அடிக்க முடியுமா என்று கேட்கும் ஒரு வரியை நான் இவற்றில் எங்கும் பார்க்கவில்லை.

துல்லியத்தின் தந்தை நம்ம மாவட்டக்காரர் :)

கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இடிபாடு இருக்கிறதே, பீச்சுக்குப் போகும்போது எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்கிறோம்? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1751 ஜூலையில் காய்ச்சல் கண்டு அந்தக் கோட்டையில்தான் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டைகளைச் சீரமைக்க வந்த பொறியாளர் அவர். அதற்கு முன்பே, 1742இல், பீரங்கிக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கணித மேதை ஆய்லரே அதை 1745இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார்.

ராபின்ஸ் செய்தது என்ன? கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். ஊசல் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். நாம் பிளஸ் டூவில் படித்த உந்த அழிவின்மைதான். இரண்டாவது, வழவழப்பான குழலில் உருண்டைக் குண்டு ஏன் தறிகெட்டுப் போகிறது என்று காட்டினார். குழலை விடக் குண்டு கொஞ்சம் சிறியது. அது உள்ளே சுவரில் உரசி, ஏதோ ஒரு பக்கம் சுழன்றபடி வெளியே வருகிறது. அந்தச் சுழற்சி காற்றில் அதை வளைக்கிறது. கிரிக்கெட்டில் ஸ்பின் பந்து காற்றிலேயே திரும்புகிறதே, அதே கதை. ஒவ்வொரு தடவையும் சுழற்சி மாறும் என்பதால் திசையும் மாறும். மருந்து: குழலுக்குள் திருகாணி மாதிரி வரிப்பள்ளம் வெட்டி, பயணத் திசையை அச்சாக வைத்துக் குண்டைச் சுழல விடுவது. அதுதான் ரைபிள்.

ஆக 1742லேயே ஒருவர் எழுதிவைத்துவிட்டார். 1959இல் சட்டம் எழுதியவர்களோ வழவழப்புக் குழலையே பயிர்க் காவலுக்குப் பொருத்திவிட்டார்கள். 217 வருடம்! ரைபிளைப் பரவலாக்க அரசு பயந்தது, எனக்குப் புரிகிறது. மனிதர்களுக்கு எதிராகத் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது பின்னங்கால் உடைந்து கரும்புக்குள் ஓடும் பன்றியும், மறுநாள் காலை தெரியாமல் அங்கே நுழைகிற கூலிக்காரரும்.

"மருந்தைக் கூட்டினா குறி கூடும்" என்கிற மூடநம்பிக்கை

இனி தாத்தா கட்சி. கணக்கு பிடிக்காதவர்களும் இந்த ஒரு கணக்கை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டின் சராசரி வேகம் வினாடிக்கு 400 மீட்டர் என்று வையுங்கள். 50 மீட்டர் தூரத்தைக் கடக்க 0.125 வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 8 செ.மீ. கீழே இழுக்கும். கைக்கணக்கில் மருந்து கொஞ்சம் குறைந்து, வேகம் 300 ஆகிவிட்டால்? சுமார் 14 செ.மீ. வித்தியாசம் 6 செ.மீ.தான். ஆனால் அதே ஆள் 80 மீட்டரில் சுட்டால் வித்தியாசம் 15 செ.மீ. ஆகிவிடும். இது மேல்-கீழ் பிசகு மட்டும். கை நடுக்கம், இருட்டு, பன்றியின் ஓட்டம் எல்லாம் தனிக் கணக்கு. நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் விழ இது போதும்.

எனவே முக்கியம் மருந்தின் அளவு கூடுவதோ குறைவதோ இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருப்பது. 1857 என்றதும் என்ஃபீல்டு ரைபிள், கொழுப்பு தடவிய தோட்டா என்று பரீட்சையில் எழுதினோம். அந்தக் காகிதத் தோட்டா எதற்கு வந்தது என்று எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லவில்லை. அதற்குள் குண்டோடு சேர்த்து அளந்த மருந்தும் இருந்தது. சிப்பாய் எவ்வளவு பதற்றத்தில் இருந்தாலும் அளவு மாறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

வாய்வழி ரைபிளுக்கு வேட்டைச் சட்டப்படியே அனுமதி உள்ள நாடுகளில் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் இதற்கென்றே தனி வேட்டைப் பருவம் வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. சீசனுக்கு முன்பே அவர்கள் துப்பாக்கியை மேசையில் மணல் மூட்டை மேல் வைத்துக் காகிதக் குறியைச் சுடுகிறார்கள். துப்பாக்கி செய்தவர் சொன்ன வரம்புக்குள், குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். மருந்தை அளவுக் குவளையால்தான் அளப்பார்கள். ஒரே அளவில் மூன்று அல்லது ஐந்து குண்டு. துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்த்த பிறகுதான் அளவைக் கொஞ்சம் மாற்றுவார்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம்: மருந்தை மாற்றினால் குண்டைச் சுற்றும் துணியை மாற்றக் கூடாது, துணியை மாற்றினால் எண்ணெயை மாற்றக் கூடாது. லேப்பில் நாம் செய்யும் (செய்ய வேண்டிய!) அதே ஒழுங்கு.

ஒரு அளவு வரை துளைகள் நெருங்கி வரும். அதைத் தாண்டினால் மறுபடி சிதறும். மருந்து ஏற ஏறக் குண்டைச் சுற்றிய துணி கருகும், கிழியும், வரிப்பள்ளத்தின் பிடி விட்டுப்போகும். ஆகக் கூடுதலான மருந்து என்பது ஆகச் சிறந்த மருந்து கிடையாது. அதோடு, வட்டக் குண்டுக்குச் சுமார் 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று போல மெதுவான பள்ளம் போதும். நீளக் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று போல வேகமான பள்ளம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கிக்குச் சரியான அளவு உங்கள் துப்பாக்கிக்குச் சரியாக வராது. ஒவ்வொரு குழலுக்கும் அதனதன் அளவு.

இன்னொன்று. கரிமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் வாயுவாவதில்லை, திடப்பொருளாகிறது; அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடுகிறது. நாலு தடவை துடைக்காமல் சுட்டால் அடுத்த குண்டு பாதி வழியில் இறுகி நின்றுவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழலே வெடிக்கலாம். ஏற்கெனவே கெட்டித்ததை மறந்து மறுபடி மருந்து போட்டாலும் அதே கதி. தாத்தாவின் ஒத்தக் குண்டுக் கதையைச் சொல்கிறவர்கள், அதே ஊரில் விரல் போன தாத்தாக்களின் கதையைச் சொல்வதில்லை.

பழி யார் மேல்?

"நாட்டுத் துப்பாக்கி" என்றதும் நம் ஆட்கள் விரல் நீட்டுவது நரிக்குறவர்களை நோக்கி. பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிறவர்கள்தான் கொக்கையும் காடையையும் தீர்த்துக்கட்டினார்கள் என்பது போல ஒரு பேச்சு. ஏரிகளை மூடி மனை போட்டவர்களை விட்டுவிட்டு இவர்களைப் பிடிப்பது எளிது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டுகள் போராடி, 2023 ஜனவரியில்தான் அது அவர்களுக்குக் கிடைத்தது. குடகுக்காரர்களுக்கோ ஆயுத உரிமமே தேவையில்லை என்ற விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. 2019இல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். அவர்கள் கைல்பொள்து திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூசை போட்டு, தேங்காயைக் குறி வைத்துச் சுடும் போட்டி நடத்துகிறார்கள். நல்ல வழக்கம். தேங்காயைத் தவறவிட்டால் வெட்கம்தான் மிச்சம், யாருக்கும் வலிக்காது. நான் கேட்பது அந்தத் தேங்காய்ச் சோதனையைத்தான். ஒரு சமூகத்துக்கு அது பெருமை, இன்னொரு சமூகம் துப்பாக்கியைத் தொட்டாலே திருட்டுப் பட்டமா?

முதல் கட்சிக்கும் ஒரு வார்த்தை. வடலூர் நமக்குப் பக்கத்து ஊர். வள்ளலார் வழியில் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் பேசாமல் இருந்துவிட்டால் கொலை நின்றுவிடாது, வடிவம்தான் மாறும். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய விலங்கு பட்டினியால் சாகிறது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், விளைநிலத்தைச் சுற்றிக் கட்டிய திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. மின்வேலிக்குக் குறி வைக்கவே தெரியாது, எது தொட்டாலும் அடிக்கும். பயிரை இழக்கும் விவசாயிக்கு ஒழுங்கான வழி இல்லை என்றால் ஒழுங்கற்ற வழி தானாக வரும்.

நெய்வேலிக்காரனாக ஒரு யோசனை

நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கும் கடலூர் மணற்கல் கடினமானது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் சக்கர எந்திரம் வெட்டும். அங்கே யாராவது உள்ளங்கையில் மருந்து அள்ளிப் போடுகிறார்களா? ஒவ்வொரு குழிக்கும் ஆழம், இடைவெளி, மருந்து அளவு எல்லாம் கணக்கு. வெடிப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும். கல்லை உடைக்கவே இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கிறோம். உயிரை எடுக்க ஏன் வேண்டாம்?

என் கோரிக்கை மூன்றுதான்:

1. பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி என்ற 1959ஆம் வருட வரியை மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

2. சீருடைக்காரரோ விவசாயியோ, விலங்கைச் சுட அனுமதி பெறும் எவரும் வருடம் ஒரு முறை காகிதக் குறியில் சுட்டுக் காட்ட வேண்டும். எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் ஒரு தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் அவருக்கு எல்லை. அந்தத் தூரத்தை உரிமத்திலேயே எழுத வேண்டும்.

3. துப்பாக்கியோடு அதன் சோதித்த மருந்தளவும் குண்டளவும் பதிவாக வேண்டும். வண்டிக்கு ஆர்.சி. புக் மாதிரி.

இது எதுவும் முடியாது, செலவு, நேரமில்லை என்றால், சரி, சுடவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். நஷ்டஈட்டைத் தாமதமில்லாமல் கொடுங்கள். அதையும் நான் ஏற்பேன். சுடலாம், ஆனால் எங்கே பட்டாலும் பரவாயில்லை என்கிற இப்போதைய நிலையைத்தான் ஏற்க முடியாது.

தாத்தா கட்சியினர் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம். கூடவே ஒரு காகிதத்தில் ஐந்து துளை போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. ஆறாவது துளை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிஸ்கி: உரிமம் இல்லாத துப்பாக்கி குற்றம், அனுமதி இல்லாத வேட்டையும் குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் முந்திரித் தோப்புக்குள் மருந்தும் கையுமாய்ப் போக வேண்டாம்.