தொழில்நெறியும் தோள்கொடுத்தலும்

மகாராட்டிரத்தின் கோலாப்பூரில் மல்யுத்தக் கூடங்களைத் தாலிம் என்பார்கள். அங்கே பயிற்சிக் களத்தின் மண்ணைக் கிளறிப் பதப்படுத்துவதும் மல்லர்களின் வேலையே. நேற்றுச் சேர்ந்த சிறுவனோடு மோதும் மூத்த மல்லன் தன் முழு வலிமையையும் காட்டுவதில்லை. சிறுவன் தாங்கக்கூடிய அளவுக்கு ஒரு படி மேலே மட்டுமே காட்டுவான். ஒருவனுடைய வலிமை மற்றவனை வளர்ப்பதற்கும் உரியது என்பது அக்களத்தின் எழுதாத விதி.

அந்த மண்ணில் பயின்றவர் கே. டி. ஜாதவ். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர்ப் பதக்கத்தைக் கொணர்ந்தவர். அவருடைய பயணச் செலவுக்கு ஊரார் பணம் திரட்டினர். அவர் பயின்ற கல்லூரியின் முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார். ஒரு மனிதனின் உடற்பயிற்சியை ஊரே தன் பொறுப்பாகக் கொண்ட காலம் அது.

அதற்காகப் பழமை முழுவதையும் போற்ற வேண்டியதில்லை. அக்களங்கள் பெரும்பாலும் பெண்களுக்கு மூடியே இருந்தன. ஆசானின் சொல்லே அறிவியலாக நின்றது; அதைக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. இன்றைய உடற்பயிற்சிக்கூடம் இக்குறைகள் பலவற்றைக் களைந்திருக்கிறது. ஆனால், களைந்தபோது தோள்கொடுக்கும் பண்பையும் சேர்த்தே கைவிட்டுவிட்டது. அதன் இடத்தில் வர வேண்டிய தொழில்நெறியோ இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

காரணம் பயிற்சியாளரின் தனிமனிதக் குணம் அன்று. அவருடைய வருவாய் அமைந்துள்ள முறை. பெரும்பாலான கூடங்களில் மாதச் சம்பளம் சொற்பம். தனிப்பயிற்சிக்கு எத்தனை பேரைச் சேர்த்தார், எத்தனை டப்பா புரதத்தூள் விற்றார் என்பதைப் பொறுத்தே மிச்சம் கிடைக்கும். அறிவுரை சொல்ல வேண்டியவரே விற்பனையாளராகவும் இருக்கும்போது, “இது உங்களுக்குத் தேவையில்லை” என்னும் நேர்மையான வாக்கியம் அவருக்கு நட்டமாகிறது. இந்தியாவில் உடற்பயிற்சி ஆசிரியருக்கு நாடு தழுவிய கட்டாய உரிமமுறை எதுவும் இல்லை. எனவே ஆண்டுக்கணக்கில் படித்துப் பெற்ற பட்டமும் ஒருசில நாளில் பெற்ற சான்றிதழும் சுவரில் ஒரே சட்டத்துக்குள் தொங்குகின்றன. உறுப்பினருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இதன் கொடிய விளைவு ஊசி. மெபென்டர்மைன் என்பது அறுவைச் சிகிச்சையின்போது தாழ்ந்துபோகும் இரத்த அழுத்தத்தை உயர்த்த மயக்கவியல் மருத்துவர் கையாளும் மருந்து. அது பயிற்சிக்கு வேகம் தரும் பொருளாகக் கூடங்களுக்குள் கைமாறுவதும், மகாராட்டிரத்திலும் பிற மாநிலங்களிலும் காவல்துறை அதைப் பறிமுதல் செய்வதும் திரும்பத் திரும்பச் செய்தியாகின்றன. இந்த மருந்து நுழையும் கூடத்தில் அதை அறியாதவர்கள் சிலரே. அறிந்தவர்கள் பேசாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணம், “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பது. குற்றத்தை மூடுவதற்குக் குடும்பம் என்று பெயரிடுவது ஒற்றுமை ஆகாது.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் பெங்களூரில் இதய நிறுத்தத்தால் மறைந்தார். அதையடுத்து அந்நகரின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்காக மக்கள் திரண்டனர். அவர் மறைவுக்கான காரணத்தை வெளியிலிருந்து கற்பிப்பது முறையன்று. ஆனால் அந்தத் திரளின் அச்சத்துக்கு விடை சொல்ல வேண்டிய கடமை இத்தொழிலுக்கு இருந்தது. நெஞ்சுவலி, மயக்கம், இதயநோய் பற்றிக் கேட்கும் ஏழு எளிய வினாக்கள் கொண்ட படிவம் உலகெங்கும் பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது. ஒருவர் மயங்கி விழுந்தால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறையை எவரும் கற்கலாம். சேர்க்கைப் படிவத்தில் பணம் செலுத்தும் முறையைக் கேட்பவர்கள் இந்த ஏழு வினாக்களையும் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

தொழில்நெறியும் பரஸ்பர ஆதரவும் தனித்தனி அறங்கள் அல்ல என்பதே இங்கு முக்கியமானது. ஒரு பயிற்சியாளர் தனியாக ஊசியை மறுத்தால், வாடிக்கையாளர் அடுத்த தெருக் கூடத்துக்குப் போவார். நேர்மை அவருக்குத் தண்டனையாகும். அதே வட்டாரத்தின் பத்துக் கூடங்களும் சேர்ந்து மறுத்தால் எவருக்கும் இழப்பில்லை. முதுகுவலிக்காரரை இயன்முறை மருத்துவரிடம் அனுப்புபவரையும், தமக்குத் தெரியாததைச் சக பயிற்சியாளரிடம் கேட்பவரையும் இளக்காரம் செய்யாத சூழலில்தான் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் துணிவு பிறக்கும்.

2020 மார்ச்சில் மூடப்பட்ட கூடங்களை ஆகஸ்ட் 5 முதல் திறக்கலாம் என்று மைய அரசு அனுமதித்தது. சில மாநிலங்களில் மேலும் தாமதமாயிற்று. அந்த மாதங்களில் வருவாயிழந்த பயிற்சியாளர்களுக்காகப் பேசவும் ஒரு பொதுநிதி வைத்து உதவவும் வலுவான அமைப்பு இருக்கவில்லை. அப்போது போட்டியாளர்களாகச் சிதறிக் கிடந்தவர்கள் இன்றும் அப்படியே இருக்கிறார்கள்.

சட்டம் வரட்டும், உரிமமுறை வரட்டும். அவை வரும்வரை காத்திருக்க வேண்டாத செயல்கள் சில உண்டு. ஒரு வட்டாரத்தின் பயிற்சியாளர்கள் மாதம் ஒருமுறை கூடலாம். முதலுதவியைச் சேர்ந்து கற்கலாம். விற்பனைத் தரகை உறுப்பினருக்கு வெளிப்படையாகச் சொல்லலாம். நோயுற்ற சகாவின் வகுப்பை, அவருடைய வாடிக்கையாளரைக் கவராமல், எடுத்து நடத்தலாம். மல்லர்கள் சேர்ந்து மண்ணைப் பதப்படுத்தியதும் இதற்கே: விழுபவர் எவராயினும் அடிபடக் கூடாது.